டிஃபெண்டர் டூ கோச்: இகோர் ஸ்டிமாச் போனார்... ஆனா இந்திய கால்பந்தின் பிரச்னை போகலையே, ஏன்?

2013 அக்டோபர். குரோஷியா தேசிய கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி இகோர் ஸ்டிமாச்சிடம் இருந்து பறிபோனது. அடுத்த ஒரே மாதத்தில், புது கோச்சுடன் விளையாடிய குரோஷியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

2024 ஜூன் 17. இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவியில் இருந்து அதே ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அதன் பிறகு இரண்டு கோச்கள் வந்துவிட்டார்கள். உலகக் கோப்பையை விடுங்க, 2027 ஆசியக் கோப்பைக்கே இந்தியா தகுதி பெறவில்லை.

ஒரே ஆள். ரெண்டு நாட்டிலும் வேலை போனது. ஒரு நாட்டில் கோச்சை மாற்றியதும் பலன் கிடைத்தது, இன்னொரு நாட்டில் கிடைக்கவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், இந்திய கால்பந்தின் நிஜமான சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

யார் இந்த ஸ்டிமாச்?

1967 செப்டம்பர் 6-ம் தேதி, குரோஷியாவில் மெட்கோவிச் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்போது குரோஷியா தனி நாடு கிடையாது, யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. ஹய்டுக் ஸ்பிளிட் என்ற புகழ்பெற்ற கிளப்பில் வளர்ந்தார். விளையாடிய இடம் சென்டர் பேக். அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் நடு டிஃபெண்டர்.

1987-ல் சிலி நாட்டில் நடந்த உலக இளையோர் கோப்பையை யூகோஸ்லாவியா வென்றது. அந்த அணியில் ஸ்டிமாச் இருந்தார். நாலு வருஷம் கழித்து, 1991 மே மாதம் யூகோஸ்லாவிய கோப்பை ஃபைனல். நாடே உடையப்போகிற நேரம். குரோஷிய கிளப்பான ஹய்டுக்கும் செர்பிய கிளப்பான ரெட் ஸ்டாரும் மோதின. மைதானத்தில் ஸ்டிமாச்சுக்கும் ரெட் ஸ்டார் வீரர் சினிஷா மிஹாய்லோவிச்சுக்கும் முட்டிக்கொண்டது. ரெண்டு பேருக்குமே ரெட் கார்டு. ஹய்டுக் 1-0 என ஜெயித்தது. ஆனால் அந்தப் பகை ரொம்ப வருஷம் ஓயவில்லை.

பிறகு ஸ்பெயினில் காடிஸ் கிளப், மறுபடியும் ஹய்டுக். 1995-ல் இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி. அங்கே முதல் மேட்ச்சிலேயே அணி 1-5 எனத் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்ததே டிஃபெண்டர் ஸ்டிமாச்தான்! ஆனால் அதற்கடுத்து லீக்கில் 20 மேட்ச் டெர்பி தோற்கவே இல்லை. சீசன் முடிவில் பிரீமியர் லீக்குக்கு முன்னேறியது. 1999-ல் வெஸ்ட் ஹாம் கிளப்புக்குப் போன ஸ்டிமாச், 2002-ல் ஹய்டுக்கிலேயே ஓய்வு பெற்றார்.

அவர் பெயரை உலகம் அறிந்தது 1998 உலகக் கோப்பையில். தனி நாடாகி முதல்முறை உலகக் கோப்பையில் ஆடிய குரோஷியா, காலிறுதியில் ஜெர்மனியை 3-0 என வீழ்த்தி, கடைசியில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த அணியின் தடுப்புச் சுவரில் ஒரு தூண் ஸ்டிமாச். குரோஷியாவுக்காக மொத்தம் 53 மேட்ச், 2 கோல்.

டிஃபெண்டர்கள் ஏன் கோச் ஆகிறார்கள்?

ஸ்ட்ரைக்கருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது பாதி தெரியாது. சென்டர் பேக் நிற்கும் இடத்தில் இருந்து மொத்த மைதானமும் கண்ணுக்கு முன்னால் விரியும். யார் இடம் மாறி நிற்கிறார், எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது, ஆஃப்சைடு கோட்டை எப்போது முன்னால் தள்ளணும் என்பதையெல்லாம் பார்த்து, மற்றவர்களைக் கத்தி நகர்த்துவது அவர் வேலை. கிட்டத்தட்ட மைதானத்துக்குள் நிற்கும் கோச் மாதிரி.

ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பவர் 1974-ல் கேப்டனாகவும் 1990-ல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றார். அவர் டிஃபெண்டர். இங்கிலாந்தை இரண்டு யூரோ ஃபைனல்களுக்குக் கொண்டுபோன கேரத் சவுத்கேட்டும் டிஃபெண்டர்தான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தடுப்பாட்டத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். எங்கே நிற்கணும், எப்போது நகரணும் என்பதைத் திரும்பத் திரும்பப் பழக்கினால், சுமாரான வீரர்களை வைத்தும் ஒரு ஒழுங்கான டிஃபென்ஸை உருவாக்கிவிடலாம். கோல் அடிக்கிற திறமை அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்து வளர வேண்டிய ஒன்று அது. தேசிய அணி முகாமுக்கு வந்து இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. ஸ்டிமாச்சின் இந்திய ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம்.

குரோஷியாவில் என்ன நடந்தது?

2012 யூரோ கோப்பை முடிந்ததும் குரோஷியா அணியின் பொறுப்பு ஸ்டிமாச்சிடம் வந்தது. 2014 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்று நன்றாகவே தொடங்கியது. 2013 மார்ச்சில் சாக்ரெப் நகரில் செர்பியாவை 2-0 என வென்றார்கள். எதிர் அணியின் கோச் யார் தெரியுமா? அதே மிஹாய்லோவிச்! 1991-ல் மைதானத்தில் முட்டிக்கொண்ட இரண்டு டிஃபெண்டர்களும் 22 வருஷம் கழித்து கோச்களாக, பகையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சந்தித்தார்கள்.

அதன் பிறகு வண்டி தடம் புரண்டது. ஸ்காட்லாந்திடம் இரண்டு முறை தோல்வி. பெல்ஜியத்திடம் சொந்த மண்ணில் தோல்வி. குரூப்பில் இரண்டாம் இடம்தான் மிஞ்சியது. அக்டோபரில் ஸ்டிமாச் போனார், முன்னாள் கேப்டன் நிகோ கோவாச் வந்தார். நவம்பர் 19-ம் தேதி பிளே-ஆஃப் சுற்றில் ஐஸ்லாந்தை வென்று குரோஷியா பிரேசிலுக்கு டிக்கெட் எடுத்தது.

கோச்சை மாற்றியது அங்கே பலன் கொடுத்தது. காரணம், உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் லூகா மோட்ரிச், மரியோ மாண்ட்ஜுகிச், இவான் ராகிடிச் போன்ற ஆட்கள். இப்படிப்பட்ட வீரர்கள் இருக்கும் அணியில் கோச் மாறுவது கிட்டத்தட்ட டிரைவர் மாறுவது மாதிரி. வண்டி நல்ல வண்டி.

இந்தியாவுக்கு வந்தபோது கையில் கிடைத்தது என்ன?

2019 மே மாதம் இந்திய அணியின் பொறுப்பை ஸ்டிமாச் ஏற்றார். அப்போது ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 101-வது இடம். உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஆடியவர் இந்தியாவுக்கு கோச்சாக வருவதில் ரசிகர்களுக்கு பெரிய எதிர்பார்ப்பு இருந்தது.

முதல் சில மாதங்கள் சோதனை ஓட்டம். அகமதாபாத்தில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் தஜிகிஸ்தானிடம் 4 கோல், வடகொரியாவிடம் 5 கோல் வாங்கியது இந்தியா. ஆனால் 2019 செப்டம்பர் 10-ம் தேதி தோஹாவில் ஒரு அதிசயம் நடந்தது. அந்த வருஷம்தான் ஆசியக் கோப்பையை வென்றிருந்த கத்தார் அணியை, சுனில் சேத்ரி இல்லாமலேயே 0-0 என மடக்கியது இந்தியா. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவும் முன்னால் நின்ற டிஃபெண்டர்களும் 90 நிமிடமும் மலை மாதிரி நின்றார்கள்.

அதே தகுதிச்சுற்றின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 8 மேட்ச்சில் இந்தியா வாங்கிய கோல் 7. மோசமில்லை. அடித்த கோல்? 6. ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். பின்னால் நடக்கப்போகிற எல்லாமே இந்தச் சின்னக் கணக்கிலேயே தெரிந்தது.

8 மேட்ச்... ஒரு கோல்கூட விடாத அணி

ஸ்டிமாச்சின் பொற்காலம் என்றால் அது 2023.

மார்ச்சில் இம்பாலில் மியான்மர், கிர்கிஸ்தான் அணிகளை வென்ற இந்தியா, ஜூனில் புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பையைக் கைப்பற்றியது. ஃபைனலில் லெபனானை 2-0 என வீழ்த்தியது. அடுத்து பெங்களூருவில் சாஃப் கோப்பை. முதல் மேட்ச்சில் பாகிஸ்தானுக்கு எதிராக 4-0, இரண்டாவதில் நேபாளத்துக்கு எதிராக 2-0.

இந்த 8 மேட்ச்சிலும் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஒன்பதாவது மேட்ச்சில் குவைத்துக்கு எதிராக விழுந்த கோலும் நம்ம ஆள் தவறுதலாக அடித்த செல்ஃப் கோல்தான். சந்தேஷ் ஜிங்கனும் அன்வர் அலியும் நடுவில் நின்ற அந்த டிஃபென்ஸில், முன்னாள் சென்டர் பேக்கின் கைவண்ணம் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஃபைனலில் மறுபடியும் குவைத். 1-1 என முடிந்து, பெனால்டியில் 5-4 என இந்தியா கோப்பையை வென்றது. ஆனால் அன்று பெஞ்சில் ஸ்டிமாச் இல்லை. பாகிஸ்தான் மேட்ச்சில் எதிரணி வீரர் த்ரோ-இன் எடுக்கும்போது பந்தைத் தட்டிவிட்டு ரெட் கார்டு வாங்கியவர், குரூப் சுற்றில் குவைத்துக்கு எதிரான மேட்ச்சிலும் ரெட் கார்டு வாங்கித் தடையில் இருந்தார். அணியை வழிநடத்தியது துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி. அவரும் இந்தியாவின் முன்னாள் டிஃபெண்டர்!

அந்த மாதம் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 99-வது இடத்துக்கு வந்தது. அக்டோபரில் ஸ்டிமாச்சின் ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது.

சறுக்கியது எங்கே?

சாஃப் கோப்பையில் எதிரே நின்ற அணிகள் வேறு. ஆசியக் கோப்பையில் எதிரே வந்தவர்கள் வேறு.

2024 ஜனவரி, கத்தார். ஆஸ்திரேலியாவிடம் 0-2. உஸ்பெகிஸ்தானிடம் 0-3. சிரியாவிடம் 0-1. மூன்று மேட்ச், அடித்த கோல் பூஜ்யம். அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் ஆகியோர் காயத்தால் அந்தத் தொடரிலேயே இல்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு நடந்ததுதான் ரொம்ப வலித்தது. 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்தில் இந்தியாவின் குரூப்பில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். முதல் இரண்டு இடம் பிடித்தால் மூன்றாம் கட்டம். கூடவே 2027 ஆசியக் கோப்பைக்கு நேரடித் தகுதி. 2023 நவம்பரில் குவைத்தை அவர்கள் ஊரிலேயே 1-0 என வென்றதும் பாதை திறந்துவிட்டது போல இருந்தது.

அடுத்த 5 மேட்ச் இப்படி முடிந்தது:

கத்தாருடன் புவனேஸ்வரில் 0-3.
ஆப்கானிஸ்தானுடன் சவுதியில் 0-0.
ஆப்கானிஸ்தானுடன் குவாஹாட்டியில் 1-2. சேத்ரியின் 150-வது சர்வதேச மேட்ச் இது. பெனால்டியில் அவர் அடித்த ஒரு கோல்தான்.
குவைத்துடன் கொல்கத்தாவில் 0-0. சேத்ரியின் பிரியாவிடை மேட்ச்.
கத்தாருடன் தோஹாவில் 1-2. கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து அடித்ததை நடுவர் கோல் என்று அறிவித்த சர்ச்சை இதில்தான்.

மொத்தம் 6 மேட்ச். அதில் பாதியில், அதாவது 3 மேட்ச்சில் இந்தியா கோலே வாங்கவில்லை. ஆனால் 6 மேட்ச்சும் சேர்த்து அடித்தது வெறும் 3 கோல். கிடைத்த புள்ளி 5. இரண்டாம் இடம் பிடித்த குவைத்துக்கு 7.

குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானை வென்றிருந்தால் இந்தியாவுக்கு 8 புள்ளி. மூன்றாம் கட்டமும் ஆசியக் கோப்பையும் கையில். அந்த ஒரு ராத்திரியின் விலை அவ்வளவு பெரியது.

நீக்கமும் நஷ்ட ஈடும்

மூன்றாம் கட்டத்துக்கு அணியைக் கொண்டுபோகாவிட்டால் விலகிவிடுவேன் என்று அந்த மார்ச் மாதம் ஸ்டிமாச் சொல்லியிருந்தார். ஆனால் ராஜினாமா வரவில்லை. ஜூன் 17-ம் தேதி அகில இந்திய கால்பந்து சம்மேளனமே அவரை நீக்கியது. ஒப்பந்தம் 2026 வரை இருந்ததால் நஷ்ட ஈடு விவகாரம் வெடித்தது. ஆன்லைனில் செய்தியாளர்களைச் சந்தித்த ஸ்டிமாச், சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபேயைக் கடுமையாக விமர்சித்தார். கடைசியில் சுமார் 4 லட்சம் டாலர், அதாவது 3 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து விவகாரம் முடித்துவைக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின.

ஒரு வருஷத்துக்குள் நீக்கப்போகிற ஆளுக்கு 2026 வரை ஒப்பந்தத்தை ஏன் நீட்டித்தார்கள் என்ற கேள்விக்கு சம்மேளனம்தான் பதில் சொல்லணும். அந்தப் பணத்தில் எத்தனை சிறுவர் பயிற்சி மையங்கள் நடந்திருக்கும் என்று ரசிகர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

அப்போ ஸ்டிமாச் மேல தப்பே இல்லையா?

நிறைய இருக்கிறது. இரண்டு ரெட் கார்டு என்பது ஒரு தேசிய அணியின் கோச்சுக்கு அழகில்லை. ஐஎஸ்எல் கிளப்களுடன் ஓயாத சண்டை. ஐந்து வருஷம் இருந்தும், சேத்ரிக்குப் பிறகு யார் என்பதற்கு ஆட்டத்தின் அமைப்பையே மாற்றி ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை. குவாஹாட்டியில் 1-0 என முன்னிலையில் இருந்த அணி, ஆப்கானிஸ்தான் போன்ற அணியிடம் தோற்பதற்கு எந்தச் சாக்கும் எடுபடாது.

அவர் பக்கத்து நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு கால்பந்து அணியை அனுப்ப முதலில் அனுமதியே இல்லை. பிரதமருக்கு சமூக வலைதளத்தில் வெளிப்படையாகக் கோரிக்கை வைத்தார். அனுமதி கிடைத்த பிறகு கிளப்கள் பல வீரர்களை விட மறுத்தன. கடைசியில் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்ட அணி, சீனாவுடனான முதல் மேட்ச்சுக்கு முந்தைய நாள்தான் ஹாங்ஜோ போய்ச் சேர்ந்தது. 1-5 எனத் தோற்றது.

இன்னொன்று ஐஎஸ்எல் பற்றியது. நம்ம ஊர் லீக்கில் ஒரு கிளப் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்களை மைதானத்தில் இறக்கலாம். அந்த இடங்களில் ஒன்று பெரும்பாலும் ஸ்ட்ரைக்கருக்கே போகும். மேட்ச் ஜெயிக்கணும் என்று நினைக்கும் கிளப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரா வாரம் நம்பர் 9 இடத்தில் நின்று கோல் அடித்துப் பழகும் வாய்ப்பு இந்தியப் பையனுக்குக் கிடைப்பது அபூர்வம். அவரை விங்கில் போடுவார்கள், இல்லைன்னா பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அப்படிப்பட்ட ஆளை வைத்துத்தான் தேசிய அணி கோச் கத்தாருக்கு எதிராக கோல் அடிக்கணும்.

அவர் போன பிறகு என்ன மாறியது?

இதுதான் முக்கியமான கேள்வி.

ஸ்டிமாச்சுக்குப் பதில் வந்தவர் ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ். ஐஎஸ்எல்லை நன்றாக அறிந்தவர். 8 மேட்ச்சில் ஜெயித்தது ஒன்று. மாலத்தீவுக்கு எதிரான அந்த ஒரு வெற்றிக்கும், ஓய்வு பெற்றுப் போன சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்து வர வேண்டியிருந்தது. அந்த மேட்ச்சில் சேத்ரி கோலும் அடித்தார். இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் இந்திய கால்பந்துக்கு வேறு எது?

2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். ஐஸ்வால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். 13 வருஷத்துக்குப் பிறகு இந்திய அணிக்குக் கிடைத்த இந்திய கோச். மத்திய ஆசிய நாடுகளின் காஃபா கோப்பையில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்ததும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2 எனத் தோற்றதோடு 2027 ஆசியக் கோப்பை கனவு முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1.

இந்தத் தகுதிச்சுற்றில் முதல் 5 மேட்ச்சில் இந்தியா அடித்தது 2 கோல். எடுத்தது 2 புள்ளி. குரோஷியர், ஸ்பானியர், இந்தியர் என்று மூன்று கோச் மாறியாச்சு. கோல் மட்டும் வரவில்லை.

இதே கதையை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே!

ஆமாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது நயீமுதீனும் டிஃபெண்டர்தான். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் கேப்டன். வீரராக அர்ஜுனா விருது, பயிற்சியாளராக துரோணாச்சாரியா விருது இரண்டையும் பெற்றவர்.

அவர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, 2005 டிசம்பரில் கராச்சியில் நடந்த சாஃப் கோப்பை ஃபைனலில் வங்கதேசத்தை 2-0 என வென்றது இந்தியா. இரண்டு மாதம் கழித்து ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. ஜப்பானிடம் 0-6. டெல்லியில் ஏமனிடம் 0-3. நயீமுதீன் போனார், இங்கிலாந்தின் பாப் ஹவ்டன் வந்தார்.

கிட்டத்தட்ட 18 வருஷ இடைவெளியில், வெவ்வேறு மண்ணில் வளர்ந்த இரண்டு டிஃபெண்டர்கள். தெற்காசியாவை ஜெயித்தார்கள், ஆசியாவின் வாசலில் நின்றுவிட்டார்கள். ரெண்டு தடவையும் மாற்றப்பட்டது பெஞ்சில் இருந்த ஒரு ஆள்தான்.

குரோஷியாவும் ஜவ்வாது மலையும்

குரோஷியாவின் மொத்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 38.7 லட்சம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால்? மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பழைய வேலூர் மாவட்டத்தில் 2011-லேயே 39 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு மாவட்டம் அளவுக்கான நாடு, 1998, 2018, 2022 என மூன்று உலகக் கோப்பைகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்கிறது.

அந்தப் பழைய வேலூர் மாவட்டத்துக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் நடுவே படுத்திருப்பது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட மலைக் கிராமங்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். ஏற்ற இறக்கத்தில் நடந்தே வளரும் பிள்ளைகளுக்குக் காலில் வலு இருக்காதா என்ன?

ஆனால் அங்கே பிறந்த ஒரு பத்து வயதுப் பையனோ பொண்ணோ இந்திய ஜெர்சி போட என்ன வழி? பள்ளி அணி. குறுவட்டப் போட்டி. மாவட்டப் போட்டி. மாநிலப் போட்டி. ஒவ்வொரு கட்டத்துக்கும் மலை இறங்கி, போளூரோ திருவண்ணாமலையோ, அதையும் தாண்டியோ போகணும். அதிர்ஷ்டம் இருந்தால் அரசு விளையாட்டு விடுதியில் இடம். தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே ஐஎஸ்எல் கிளப் சென்னையில். பள்ளிப் போட்டி என்பது நாக்-அவுட். முதல் மேட்ச்சில் தோற்றால் வீட்டுக்குத்தான். வருஷத்துக்கு ரெண்டு மூணு போட்டி மேட்ச் ஆடி யாரும் ஸ்ட்ரைக்கர் ஆக முடியாது.

மெட்கோவிச்சில் பிறந்த ஸ்டிமாச்சுக்கு ஹய்டுக் மாதிரி ஒரு பெரிய கிளப் அந்த வட்டாரத்திலேயே இருந்தது. சின்ன வயதிலேயே பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, வயது வாரியாக அணி பிரித்து, வருஷம் முழுக்க லீக் ஆட வைக்கும் ஏற்பாடு இருந்தது. குரோஷியாவின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

தமிழ்நாட்டிலும் இதற்கு சாட்சி இருக்கிறது. ஸ்டிமாச் இந்திய அணிக்குள் கொண்டுவந்த மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி கடற்கரை கிராமத்தில் இருந்து வந்தவர். 2023-ல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய நந்தகுமார் சேகர் சென்னைக்காரர். கன்னியாகுமரியின் மீனவ கிராமங்களிலும் வடசென்னையின் வியாசர்பாடியிலும் ஊர் கிளப், ஊர் டோர்னமென்ட், சாயங்காலம் ஆனால் மைதானம் என்று ஒரு பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அங்கிருந்து வீரர்கள் வருகிறார்கள். ஜவ்வாது மலை மாதிரி அந்தப் பழக்கம் இல்லாத இடங்களில் திறமை இருக்கிறதா இல்லையா என்பதைத் தேடிப் பார்த்தால்தானே தெரியும்? இந்தியா முழுக்க எடுத்துக்கொண்டாலும் மணிப்பூர், மிசோரம், கேரளா, வங்காளம், கோவா, பஞ்சாப் என்று சில பகுதிகளில் இருந்துதான் பெரும்பாலான வீரர்கள் வருகிறார்கள். 140 கோடி மக்கள் என்று சொல்கிறோம். தேசிய அணி கோச்சின் கைக்கு வந்து சேருவது அதில் ஒரு சின்னத் துண்டு.

இனி என்ன?

வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்களைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்று ஸ்டிமாச் திரும்பத் திரும்பக் கேட்டார். இரட்டைக் குடியுரிமை இல்லாததால் அது நடக்கவில்லை. 2025-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்தியக் குடிமகனாகி அணிக்கு வந்தார் ரையன் வில்லியம்ஸ். இது ஒரு உடனடி நிவாரணம். ஆனால் எத்தனை பேர் அப்படி வருவார்கள்?

லீக் நிலைமையும் கவலைக்கிடம். வணிக ஒப்பந்தச் சிக்கலால் 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய ஐஎஸ்எல் சீசன் அந்த நேரத்தில் தொடங்கவே இல்லை. மேட்ச்சே இல்லாத வீரர்களை வைத்துத்தான் அந்த அக்டோபரில் சிங்கப்பூரை எதிர்கொண்டது இந்தியா.

செய்ய வேண்டியதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மாவட்டம்தோறும் சிறுவர்களுக்கு வருஷம் முழுக்க நடக்கும் லீக். மலையிலும் கிராமத்திலும் இருக்கும் பள்ளிகளுக்கு லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம். லீக்கில் இந்திய ஸ்ட்ரைக்கர்களுக்குக் கட்டாய நிமிடங்கள். இதன் பலன் தெரிய பத்து வருஷம் ஆகும். கோச்சை நீக்க ஒரு பிரஸ் ரிலீஸ் போதும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் இரண்டாவது வழியே தேர்வாகிறது.

அடுத்த முறை இந்திய அணி தோற்றதும், 'கோச்சை மாத்துங்க' என்ற ஹேஷ்டேக் கட்டாயம் டிரெண்ட் ஆகும். அதை ஷேர் பண்ணும் முன், உங்கள் மாவட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் எத்தனை லீக் மேட்ச் நடந்தது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். இந்தியாவின் அடுத்த கோல் எப்போது வரும் என்பது அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.